ஜேம்ஸ் டிசோ: விக்டோரியா காலத்து லண்டன் உயர்குடியை வரைந்த பிரெஞ்சு ஓவியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டும் மஸ்லினும் மின்ன, தேம்ஸ் நதிக்கரையிலோ தோட்டத்துக் குளத்தருகிலோ நிற்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் சீமாட்டிகளை வாழ்த்து அட்டைகளிலும் பழைய ஆங்கில நாவல்களின் மேலட்டைகளிலும் பலர் பார்த்திருப்பார்கள். அவற்றில் கணிசமானவை ஜேம்ஸ் டிசோ வரைந்த ஓவியங்கள். படத்தை அறிந்த அளவுக்கு வரைந்தவரை அறியாத வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

ஜேம்ஸ் டிசோ யார்? பிரெஞ்சுக்காரருக்கு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது?

பிரான்சில் லுவார் ஆற்றங்கரைத் துறைமுக நகரமான நாந்த்தில் 1836 அக்டோபர் 15 அன்று பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ழாக் ழோசெஃப் டிசோ. லண்டனில் குடியேறுவதற்கு வெகுகாலம் முன்பே, பதின்பருவம் முடிவதற்குள்ளாகவே, ‘ஜேம்ஸ்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். குதிரைப் பந்தயம், ஆங்கிலத் தையல், கிளப் வாழ்க்கை என்று ஆங்கிலேயருடைய எல்லாவற்றின் மீதும் அன்றைய பிரெஞ்சு வசதிபடைத்தோருக்கு இருந்த மோகத்தின் விளைவு அது. கடைசி எழுத்து ஒலிக்காது என்பதால் ‘டிசோட்’ என்று சொல்வதில்லை. அதே பெயரில் புகழ்பெற்ற சுவிஸ் கைக்கடிகார நிறுவனம் வேறு, இவர் வேறு.

அவருடைய ஓவியங்களில் உடைகள் ஏன் இத்தனை துல்லியமாக இருக்கின்றன?

தந்தை செல்வாக்குள்ள ஜவுளி வியாபாரி. தாய் வியாபாரத்தில் பங்கெடுத்ததோடு தொப்பிகளையும் வடிவமைத்தவர். துணிச் சுருள்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு, மஸ்லின் எப்படி விழும், டஃபெட்டா எப்படி விறைக்கும், வெல்வெட் வெளிச்சத்தை எப்படி விழுங்கும் என்பதெல்லாம் ஓவியப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே கைக்குப் பழகியிருந்தன. அவர் வரைந்த பாவாடை விளிம்பைப் பார்த்தால், மடிப்பை எங்கே பிடித்து, எங்கே தைத்து, எங்கே தளரவிட்டிருக்கிறார்கள் என்பதைத் தையற்காரர் ஒருவர் படித்துவிட முடியும். உடை வரலாற்றை ஆராய்வோர் 1870களின் ஆடைகளுக்கு அவருடைய ஓவியங்களை இன்றும் சான்றாக வைத்துக்கொள்வது அதனால்தான்.

ஆனால் அவரை வெறும் உடை ஓவியர் என்று சொல்லி முடித்துவிடுவது, அவர் காலத்து விமரிசகர்கள் செய்த அதே தவற்றைச் செய்வதாகும். துணி அவருக்கு அலங்காரம் அல்ல, சாட்சி. அந்த உடைக்குள் இருப்பவர் அங்கே நிம்மதியாக இருக்கிறாரா, அந்த உடை அவருக்குப் பழகியதா, புதிதாக வாங்கியதா, அந்தக் கூட்டத்தில் அவருக்கு இடம் உண்டா என்பதையெல்லாம் அவர் துணியைக் கொண்டே சொல்லுகிறார்.

பாரீசில் அவருடைய தொடக்க காலம் எப்படி இருந்தது?

1850களின் பிற்பகுதியில் பாரீசுக்கு வந்து, இப்போலித் ஃப்ளாந்த்ரேன், லூயி லமோத் ஆகியோரிடம் பயின்றார். இருவரும் பிரெஞ்சு ஓவியர் ஆங்கரின் (Ingres) மரபில் வந்தவர்கள். கோட்டின் தூய்மைக்கு முதலிடம் கொடுப்பவர்கள். 1859இல் பாரீசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் முதன்முதலாகப் பங்கேற்றார். ஃபாஸ்ட் கதையில் வரும் மார்கரீத்தைப் பற்றிய ஓவியத்தைப் பிரெஞ்சு அரசே 1860இல் வாங்கியது. அப்போது அவருக்கு வயது 23. இடைக்காலக் கதைகளில் சில ஆண்டுகள் உழன்ற பின், தம்மைச் சுற்றியிருந்த சமகால மனிதர்களின் பக்கம் திரும்பினார். 1864 சலோனில் காட்டிய இரு ஓவியங்களும், வெள்ளுடையில் மரத்தடியில் நிற்கும் சகோதரிகளும் சிவப்பு மேற்சட்டை அணிந்த இளம்பெண்ணும், இன்று பாரீசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அங்கேயே இருக்கும் ‘ரூ ரோயால் வட்டம்’ 1868இல் வரையப்பட்டது. பாரீசின் செல்வக் கிளப் ஒன்றின் 12 உறுப்பினர்கள், மாடி முற்றத்தில் சாய்ந்தும் அமர்ந்தும் நின்றும் ஓய்வாக இருக்கிறார்கள். சொந்த உழைப்பில் ஏறிவந்த ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை, பிறப்பாலேயே மேலே இருந்தவர்களை எத்தனை கூர்மையாகக் கவனித்திருக்கிறார் என்பதற்கு அது ஒரு சான்று.

ஜப்பானியக் கலையோடு அவருக்கு என்ன தொடர்பு?

ஜப்பானியப் பட்டு அங்கிகளையும் பீங்கானையும் திரைகளையும் பாரீசில் முந்தி வாங்கிக் குவித்தவர்களில் அவரும் ஒருவர். 1867 உலகப் பொருட்காட்சிக்காகப் பாரீசுக்கு வந்திருந்த, ஜப்பானை ஆண்ட கடைசி ஷோகனின் (படைத்தலைவரின்) தம்பியான இளவரசர் தொகுகாவா அகிதாகேவுக்கு ஓவிய ஆசிரியராகவும் இருந்தார். ‘ஜப்பானியப் பொருள்களைப் பார்க்கும் இளம்பெண்கள்’ என்ற தலைப்பில் அவர் வரைந்த ஓவியத்தில், பிரெஞ்சுப் பெண்கள் இருவர் அந்தச் சேகரத்தை மூக்கு படுமளவுக்குக் குனிந்து பார்க்கிறார்கள்; பொருளை விட, பார்க்கும் ஆவலைத்தான் அவர் வரைந்திருக்கிறார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாரீஸ் வாழ்க்கையை விட்டு லண்டனுக்கு ஏன் போனார்?

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. முற்றுகைக்குள்ளான பாரீசைக் காக்கும் தொண்டர் படை ஒன்றில் சேர்ந்து டிசோ துப்பாக்கி ஏந்தினார். மால்மெசோன் சண்டையிலும் இருந்தார். அடுத்த ஆண்டு பாரீஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு எழுந்து, மே மாத இறுதியில் இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது. அதையொட்டி அவர் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். கம்யூனோடு தொடர்புடையவர் என்று சந்தேகிக்கப்படுவோம் என்ற அச்சம் காரணம் என்பார்கள் சிலர். போரில் சீரழிந்த நகரத்தில் ஓவியம் வாங்க ஆள் இல்லை என்ற எளிய கணக்கே காரணம் என்பார்கள் வேறு சிலர். என் எண்ணத்தில் இரண்டாவதுதான் அந்த வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்துகிறது.

லண்டன் அவருக்கு முற்றிலும் அந்நியமான ஊரும் அல்ல. ‘வேனிட்டி ஃபேர்’ வார இதழின் நிறுவனர் தாமஸ் கிப்சன் பௌல்ஸ் அவருடைய நண்பர். அந்த இதழுக்கு 1869 முதலே ‘கோய்தே’ என்ற புனைபெயரில் கேலிச்சித்திரங்கள் வரைந்து வந்தார். இதழைத் தொடங்கப் பொருளுதவி செய்த குதிரைப்படை அதிகாரி ஃபிரெட் பர்னபியை 1870இல் அவர் வரைந்த சிறிய ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரமான பர்னபி சோபாவில் நீண்டு சாய்ந்திருக்கிறார், கையில் சிகரெட், கருநிறக் காற்சட்டையின் பக்கவாட்டில் ஓடும் செந்நிறப் பட்டை படத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, பின்சுவரில் உலக வரைபடம். இராணுவச் சீருடையில் ஒரு மனிதன் இத்தனை சோம்பலாக இருப்பதை அதுவரை எந்த ஆங்கில ஓவியரும் காட்டத் துணிந்திருப்பாரா என்பது ஐயமே.

அகதியைப்போல வந்தவர் அங்கே அத்தனை விரைவாக எப்படிச் செழித்தார்?

வாங்குவோரை அறிந்து வரைந்தார் என்பதே சுருக்கமான விடை. அன்றைய லண்டனில் ஓவியம் வாங்கியவர்கள் பெரும்பாலும் பழைய பிரபுக்கள் அல்லர். மது வணிகர், ஆலை முதலாளி, கப்பல் உரிமையாளர், வங்கியாளர் போன்றோர் ஆக்னியூ முதலான ஓவிய வணிகர்கள் வழியாகச் சமகாலப் படங்களை நல்ல விலை கொடுத்து வாங்கினர். அவர்களுக்குக் கிரேக்கப் புராணம் வேண்டியிருக்கவில்லை. தங்களைப் போன்றவர்கள் வாழ விரும்பிய வாழ்க்கை வேண்டியிருந்தது. அதை டிசோ நல்ல பிரெஞ்சுக் கைத்திறனோடு கொடுத்தார்.

ஓரிரு ஆண்டுகளில் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில், குரோவ் எண்ட் ரோடு 17ஆம் எண் வீட்டை வாங்கினார். கண்ணாடி வேய்ந்த செடிக்கூடம், தோட்டத்தில் குளம், குளத்தைச் சுற்றிப் பாரீசின் மோன்சோ பூங்காவில் உள்ளதைப் போன்ற தூண் வரிசை என்று அந்த இடத்தை அமைத்துக்கொண்டார். அங்கே வருவோருக்குப் பனிக்கட்டியில் குளிர்ந்த ஷாம்பேன் எப்போதும் தயாராக இருக்கும் என்றும், பட்டுக் காலுறை அணிந்த பணியாள் ஒருவர் நாள் முழுவதும் செடிகளின் இலைகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பார் என்றும் பாரீசில் எழுத்தாளர் எத்மோந் த கோன்கூர் 1874இல் தம் நாட்குறிப்பில் குத்தலாக எழுதி வைத்தார். அடுத்த ஆண்டு லண்டனுக்கு வந்த பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெர்த் மோரிசோ, அவர் அரசரைப்போல வாழ்கிறார் என்று வீட்டுக்கு எழுதினார். பொறாமை எவ்வளவு, வியப்பு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம்.

‘நேரத்துக்கு முன்பே’ என்ற ஓவியத்தில் என்ன நடக்கிறது?

‘டூ எர்லி’ என்ற பெயரில் 1873இல் ராயல் அகாதமியில் வைக்கப்பட்டுப் பெரும் வரவேற்பைப் பெற்ற படம் இது. நடன விருந்துக்காக ஒழுங்குபடுத்திய பெரிய கூடம். நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டு, தரை வெறுமையாகப் பளபளக்கிறது. அழைப்பில் சொன்ன நேரத்தை அப்படியே நம்பி வந்துவிட்ட ஒரு சிறு கூட்டம் கூடத்தின் நடுவில் நிற்கிறது. இளம்பெண்கள் வெளிறிய இளஞ்சிவப்பு உடையில் இருக்கிறார்கள். விசிறியை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உடன் வந்த முதியவர் விறைத்து நிற்கிறார். வீட்டுக்காரச் சீமாட்டி இவர்களைக் கவனிக்காமல், இசைக்கலைஞர்களிடம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னால் கதவிடுக்கில் வேலைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

விருந்து வீட்டில் விளக்கேற்றும் முன்பே போய் நின்றவர்கள் எவருக்கும் இந்தச் சங்கடம் புரியும். விக்டோரியா லண்டனில் அது இன்னும் கூர்மையானது. சரியான குடும்பத்தில் பிறந்தவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள். அச்சிட்ட நேரத்துக்கு வருபவர் அந்த விதியை அறியாதவர், அதாவது புதிதாக உள்ளே நுழைந்தவர். பளிச்சென்ற தரையில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தை நான் அந்தப் படத்தின் உண்மையான நாயகனாகக் கருதுகிறேன். ஓவியன் சிரிக்கிறான், ஆனால் கதவிடுக்கிலிருந்து அல்ல, கூடத்தின் நடுவில் அவர்களோடு நின்றுகொண்டு சிரிக்கிறான். அவனும் வெளியூர்க்காரன் அல்லவா?

இந்தப் படத்தை வாங்கிய சார்ல்ஸ் காசியோ மது வணிகர். அவருடைய சேகரம் 1902இல் லண்டன் கில்ட்ஹால் ஓவியக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது; இன்றும் படத்தை அங்கே காணலாம்.

ஒரே உடை பல படங்களில் வருகிறதே, அது கவனக்குறைவா?

இல்லை. அவரிடம் சில உடைகள் இருந்தன. மாதிரிப் பெண்களுக்கு அவற்றை மாற்றி மாற்றி அணிவித்தார். மஞ்சள் ரிப்பன் முடிச்சுகள் வைத்த வெள்ளை மஸ்லின் உடை ‘ஜூலை’ என்ற படத்திலும் வரும், ‘வசந்தம்’ என்ற படத்திலும் வரும். ஆனால் 1874இல் காட்சிக்கு வைத்த ‘கப்பலில் நடன விருந்து’ ஓவியத்தில் அவர் ஒரு படி மேலே போனார். கொடிகளைத் தோரணமாகக் கட்டிய கப்பல் தளத்தில் திரண்டிருக்கும் பெண்களில் சிலர் ஒரே படத்துக்குள்ளேயே அச்சு அசலான ஒரே உடையை அணிந்திருக்கிறார்கள். அன்றைய விமரிசகர்கள் அங்கே ஒரு சீமாட்டி கூட இல்லை என்றும், ஆடைகள் நேர்த்தியை விடப் பகட்டையே காட்டுகின்றன என்றும் முகம் சுளித்தனர்.

தையல் இயந்திரமும் பெரிய துணிக்கடைகளும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே மாதிரி உடையை இருவர் வாங்கிவிடுவது அப்போதுதான் இயல்பாகத் தொடங்கியிருந்தது. சகோதரிகள் ஒன்றுபோல் உடுத்தும் வழக்கமும் இருந்தது என்பதால், இதைக் கேலி என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஜவுளிக்கடைப் பிள்ளைக்கு அது கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை.

விமரிசகர்கள் அவரை ஏன் அத்தனை கடுமையாகச் சாடினார்கள்?

அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சொல் ‘வல்கர்’. ஆபாசம் என்ற பொருளை விட, பிறப்பாலும் பழக்கத்தாலும் வரவேண்டிய பண்பு இல்லாமல் பணத்தால் மட்டும் மேலே வந்த பகட்டு என்ற பொருளே அதில் ஓங்கி நின்றது. 1877இல் லண்டன் குரோவ்னர் கேலரியின் முதல் கண்காட்சியைப் பார்த்த புகழ்பெற்ற கலை விமரிசகர் ஜான் ரஸ்கின், அவருடைய படங்களில் பெரும்பாலானவை பண்பற்ற சமூகத்தின் வண்ணம் பூசிய வெறும் நிழற்படங்கள் என்று எழுதினார். அதே கண்காட்சியைப் பற்றி எழுதிய இளம் ஆஸ்கர் ஒயில்டுக்கு, மிகையாக உடுத்திய சாமானிய முகங்களோடு, சோடா பாட்டில்களை வேதனை தரும் துல்லியத்தோடு வரைந்திருந்ததும் பிடிக்கவில்லை.

அந்த சோடா பாட்டில்களை இன்று டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ‘விடுமுறை நாள்’ ஓவியத்தில் பார்க்கலாம். பழுத்துப் பழுப்பேறிய கஷ்கொட்டை இலைகளுக்குக் கீழே, டிசோவின் சொந்தக் குளக்கரையில் தேநீர் விருந்து. இளைஞர்கள் ‘ஐ ஸிங்காரி’ கிரிக்கெட் கழகத்தின் கருப்பு, சிவப்பு, மஞ்சள் கோடு போட்ட தொப்பிகளை அணிந்திருக்கிறார்கள். ஒரு பெண் கோப்பையில் பால் ஊற்றுகிறாள். ஒயில்டுக்கு உறுத்திய பாட்டில்தான் எனக்கு இந்தப் படத்தை நம்ப வைக்கிறது.

‘தேம்ஸ்’ என்ற படத்துக்கு 1876இல் கிடைத்த எதிர்ப்பு வேறு வகையானது. நெரிசலான துறைமுகத்தின் ஊடே போகும் படகில் கடற்படை அதிகாரி ஒருவர், இரு பெண்களோடும் ஷாம்பேன் பாட்டில்களோடும் சாய்ந்திருக்கிறார். துணைக்குப் பெரியவர் யாரும் இல்லை. அதன் பின் வரைந்த ‘போர்ட்ஸ்மத் துறைமுகம்’ அதே காட்சியைக் கொஞ்சம் அடக்கிக் காட்டுகிறது: ஸ்காட்லாந்துப் படைவீரர் ஒருவர் இரு பெண்களுக்கு நடுவே அமர்ந்து ஒருத்தியின் பக்கம் மட்டும் திரும்பியிருக்கிறார், மற்றவளுக்குச் சலிப்பு. ஷாம்பேன் இல்லை, ஊரும் அமைதியாகிவிட்டது.

படத்தலைப்பில் ‘கல்கத்தா’ என்று வருகிறதே?

‘எச்.எம்.எஸ். கல்கத்தா’ என்பது பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு 1831இல் மிதக்கவிடப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். டிசோ 1876ஆம் ஆண்டு வாக்கில் வரைந்தது, போர்ட்ஸ்மத்தில் நின்ற அந்தக் கப்பலின் பின்புற மாடத்தை. கப்பலின் பெயரைப் பிரெஞ்சில் வேகமாகச் சொன்னால், மாடத்தில் சாய்ந்து நிற்கும் பெண்ணின் பின்னழகைப் பற்றிய குறும்புப் பேச்சாகக் காதில் விழும் என்று சொல்வதுண்டு. படத்தைப் பார்த்தால் சிலேடையை மறுக்க மனம் வரவில்லை.

அவர் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியரா?

கணநேர ஒளியையும் நிறத்தையும் விரைவான தூரிகைத் தீற்றல்களில் பிடிக்க முயன்ற அந்தக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர், ஆனால் அவர்களுடைய நண்பர். இளமையில் ஓவியர்கள் தெகாவும் மனேயும் விஸ்லரும் அவருக்கு நெருக்கமானவர்கள். 1860களின் பிற்பகுதியில் தெகா வரைந்த டிசோவின் உருவப்படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, கையில் தடியோடு, இதோ எழுந்து போய்விடுவேன் என்பதுபோல அமர்ந்திருக்கிறார். 1874இல் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சிக்கு வந்து சேருமாறு தெகா கடிதம் எழுதி வற்புறுத்தினார். டிசோ போகவில்லை. லண்டனில் ராயல் அகாதமிச் சுவரும் வணிகர்களின் காசோலையும் இருந்தபோது, பாரீசில் கேலிக்குள்ளாகப் போகும் கூட்டத்தில் சேர அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் மனேயின் வெனிஸ் ஓவியம் ஒன்றை அவரே விலைக்கு வாங்கி வைத்திருந்தார்.

விஸ்லரோடு இருந்த நட்பு கசப்பாக முடிந்தது. டிசோவைக் கடிந்த அதே 1877 கட்டுரையில், விஸ்லர் பொதுமக்கள் முகத்தில் சாயப் பானையை வீசுகிறார் என்று ரஸ்கின் எழுதியிருந்தார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்து, டிசோவைச் சாட்சி சொல்ல அழைத்தார், இவர் மறுத்துவிட்டார். வழக்கில் வென்ற விஸ்லருக்குக் கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. இழந்தவற்றில் இந்த நட்பும் ஒன்று.

கேத்லீன் நியூட்டன் யார்?

1876க்குப் பிறகு டிசோ வரைந்த படங்களில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வரத் தொடங்குகிறது: மெல்லிய புருவம், சற்றே மேல்நோக்கிய மூக்கு, பொன்னிறம் கலந்த பழுப்புக் கூந்தல். அந்த முகத்துக்கு உரியவர் கேத்லீன் கெல்லி. 1854இல் பிறந்தவர், தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர். இந்தியாவில் மருத்துவராக இருந்த ஐசக் நியூட்டன் என்பவருக்கு அவரை மணமுடிக்க ஏற்பாடாகி, பதினாறு, பதினேழு வயதில் கப்பலேறினார். பயணத்தில் பல்லிசர் என்ற கேப்டனோடு நெருக்கம் ஏற்பட்டது. 1871 ஜனவரியில் பஞ்சாபின் ஹோஷியார்பூரில் திருமணம் நடந்தது. நடந்ததை மறைக்க மனமில்லாமல் கணவரிடம் கேத்லீன் உண்மையைச் சொல்லிவிட, மணவிலக்கு வழக்கு தொடங்கியது. இங்கிலாந்துக்குத் திரும்பிய அவருக்கு அதே ஆண்டு டிசம்பரில் மகள் பிறந்தாள்; மணவிலக்கின் முதல் தீர்ப்பும் அதே மாதத்தில்தான் வந்தது. 1876 மார்ச்சில் மகன் பிறந்தான். அவன் டிசோவின் மகனாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

குரோவ் எண்ட் ரோடுக்கு அருகிலேயே கேத்லீனின் தமக்கை குடியிருந்தார். 1876 வாக்கில் கேத்லீன் டிசோவின் வீட்டுக்கே வந்துவிட்டார். இருவரும் கத்தோலிக்கர்; மணவிலக்குப் பெற்றவருக்கு மறுமணத்தை அச்சபை ஏற்காது. மணமாகாமல் ஒன்றாக வாழ்வது ஊருக்குத் தெரிந்த கணத்தில், உயர்குடியின் வரவேற்பறைகள் ஓவியருக்குச் சாத்தப்பட்டன. நடன விருந்துகளை வரைந்தவர் அதற்குப் பிறகு பெரும்பாலும் தம் வீட்டுத் தோட்டத்தையும், அதில் விளையாடிய குழந்தைகளையும், படகுத் துறையில் காத்திருப்பவர்களையும் வரைந்தது தற்செயல் அல்ல.

‘அக்டோபர்’ என்ற ஓவியம் மான்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமானது. தங்க மஞ்சள் நிறக் கஷ்கொட்டை இலைகள் கூரையாகக் கவிந்திருக்க, கருப்பு உடையில் கேத்லீன் நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டே, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார். அக்குளில் ஒரு புத்தகம். உயர்த்திப் பிடித்த பாவாடைக்குக் கீழே வெள்ளை உள்ளாடையின் விளிம்பும், தரையை விட்டு எழும் குதிகாலும் தெரிகின்றன. அடுத்த அடியை வைத்தால் சட்டகத்தை விட்டுப் போய்விடுவார். காசநோய் அவரை எப்போது பற்றியது என்பதைப் படங்களை வைத்துக் கணக்கிட முடியாது; ஆனால் 1880களின் தொடக்கத்தில் வரைந்தவற்றில் சால்வையும் சாய்வு நாற்காலியும் மிகுந்துவிடுகின்றன. 1882 நவம்பர் 9 அன்று, 28 வயதில் அவர் இறந்தார். லண்டன் கென்சல் கிரீன் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் யார் என்பது எப்படித் தெரியவந்தது?

நெடுங்காலம் அவரைப் பெயரில்லாத ‘மர்மப் பெண்’ என்றே குறிப்பிட்டு வந்தார்கள். 1946இல் மரீட்டா ராஸ் என்ற பத்திரிகையாளர், இவரை அறிந்தவர்கள் யாரேனும் உண்டா என்று ஒரு வார இதழில் கேட்டிருந்தார். கேத்லீனின் தமக்கை மகளான லிலியன் ஹெர்வி முன்வந்து, நிழற்படங்களோடு குடும்பக் கதையைச் சொன்னார். சிறுமியாக டிசோவின் தோட்டத்தில் விளையாடிய அவர், அதற்குள் மூதாட்டியாகியிருந்தார்.

கேத்லீன் இறந்த பின் டிசோ என்ன செய்தார்?

ஒரு வாரத்துக்குள் லண்டனை விட்டுப் போய்விட்டார். வீடு பின்னர் லாரன்ஸ் ஆல்மா டடேமா என்ற மற்றொரு புகழ்பெற்ற ஓவியருக்குக் கைமாறியது. பாரீசில் பழைய இடத்தைப் பிடிக்க முயன்று, ‘பாரீசுப் பெண்’ என்ற தலைப்பில் 15 பெரிய ஓவியங்களை வரைந்து 1885இல் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ‘கடைப் பெண்’ எனக்கு மிகவும் பிடித்தது: கருப்பு உடை அணிந்த விற்பனைப் பெண் கடையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கட்டிய பொட்டலத்தோடு நிற்கிறாள், பார்க்கும் நாம்தான் வெளியே போகப்போகும் வாடிக்கையாளர். மேசையில் சிதறிய ரிப்பன்களில் ஒன்று தரையில் விழுந்து கிடக்கிறது. தாயின் தொப்பிகளும் தந்தையின் துணிகளும் இருந்த உலகத்துக்கு அவர் திரும்பி வந்த படம் அது. தொடர் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

ஆவிகளோடு பேசினார் என்பது உண்மையா?

ஆவிகளை அழைப்பதாகச் சொன்ன வில்லியம் எக்ளின்டன் என்பவர் 1885 மே 20 அன்று லண்டனில் நடத்திய அமர்வில், கேத்லீன் தம் முன் தோன்றியதாக டிசோ நம்பினார். எக்ளின்டனின் ஏமாற்று வித்தைகள் பலமுறை அம்பலமானவை. ஆனால் துயரம் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. வெண்துகில் போர்த்திய இரு உருவங்கள் கைகளில் ஒளியை ஏந்தி நிற்பதாக அந்தக் காட்சியை ஓவியமாகவும் அச்சுப்படமாகவும் செய்தார். தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த ஓவியம் அண்மையில் மீண்டும் கிடைத்து, 2019இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கண்காட்சியில் இடம்பெற்றது. துணியை வரைவதில் இணையற்றவர், இங்கும் துணியைத்தான் கவனமாக வரைந்திருக்கிறார்.

விவிலியப் படங்களை வரைந்தவரும் இவர்தானா?

இவர்தான். பாரீசுப் பெண்கள் தொடருக்காகத் தேவாலயக் காட்சி ஒன்றை வரையப் போனபோது, செயின்ட் சுல்பீஸ் தேவாலயத்தில் தமக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாக அவர் சொன்னார். 1886இல், ஐம்பதாம் வயதில், பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டார்; பின்னும் இருமுறை சென்றார். கிறிஸ்துவின் வாழ்க்கையை 350 நீர்வண்ணப் படங்களாக வரைந்தார். 1894இல் பாரீசில் காட்டியபோது கூட்டம் திரண்டது. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றை 1900இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி 60,000 டாலருக்கு வாங்கியது.

இந்தத் தொடரில் பெரும்பாலானவை இன்று தொல்லியல் குறிப்புகளைப் போலத் தோன்றினாலும், ஒன்று மறக்க முடியாதது. சிலுவையில் இருப்பவரின் கண்ணிலிருந்து கீழே பார்க்கும் காட்சி. அடியில் பாதங்களின் நுனி மட்டும் தெரிய, மேல்நோக்கிய முகங்கள் நம்மையே பார்க்கின்றன. கடைக் கதவைத் திறந்து நம்மைப் படத்துக்குள் நிறுத்திய அதே கை இது. கடைசி ஆண்டுகளை, தந்தை வழியில் கிடைத்த புய்யோன் மாளிகையில் கழித்து, 1902 ஆகஸ்ட் 8 அன்று அங்கேயே இறந்தார்.

இடையில் ஏன் மறக்கப்பட்டார்?

நவீன ஓவியத்தின் வரலாறு இம்ப்ரஷனிஸ்டுகளின் வெற்றிக் கதையாக எழுதப்பட்டதால், அந்த அழைப்பை மறுத்தவருக்கு அதில் இடம் இல்லாமல் போயிற்று. 1933இல் லண்டனில் நடந்த கண்காட்சியும், 1984இல் பார்பிகன் மையத்தில் நடந்த பெரிய கண்காட்சியும் அவரை மீட்டன. 2020இல் ஓர்சே அருங்காட்சியகமும் தனிக் கண்காட்சி நடத்தியது. மதிப்பு ஏறியதற்கு வருந்தத்தக்க சான்று ஒன்றும் உண்டு: பெண்கள் இருவர் கொடிக்கம்பத்தில் கொடிகளைக் கட்டும் ‘ஸ்டில் ஆன் டாப்’ ஓவியத்தை, 1998இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து ஓவியக் கூடத்தில் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் சட்டகத்திலிருந்து கிழித்து எடுத்துப் போனான். படம் சில நாட்களில் மீட்கப்பட்டு, நீண்ட பணிக்குப் பின் செப்பனிடப்பட்டது.

லண்டனில் ஒரே நாள்தான் இருக்கிறது; எதைப் பார்க்கலாம்?

டேட் பிரிட்டனில் ‘விடுமுறை நாள்’, ‘கப்பலில் நடன விருந்து’, ‘போர்ட்ஸ்மத் துறைமுகம்’ ஆகியவை இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் காட்சியில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், கில்ட்ஹாலுக்குப் போய் ‘நேரத்துக்கு முன்பே’ படத்தின் முன் நில்லுங்கள். கூடத்தின் நடுவில் நிற்கும் பெண்களை முதலில் பார்த்துவிட்டு, அதன் பின் கதவிடுக்கில் இருக்கும் வேலைக்காரப் பெண்களிடம் வாருங்கள். நேரத்துக்கு வந்து நிற்பவர்களில் நீங்களும் ஒருவராகிவிட்டது அப்போது தெரியும்.